தீர்ந்தது பேட்டரி, மாற்றியது ஹார்ட் டிஸ்க்: பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் எனக்கு நடந்தது.

என்னுடையது 2010இல் வாங்கிய டெஸ்க்டாப். விண்டோஸ் 7. அதற்கு அப்டேட் வருவது 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது, தெரியும். ஆனாலும் பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்களும் அப்பா பேசிய ஒலிப்பதிவுகளும் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் எடுத்து வைக்கவில்லை. அது என் தப்பு.

சில வாரங்களாகவே அதில் கடிகாரம் பின்தங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவேன். மறுநாள் ஆன் செய்தால் சில மணி நேரம் குறைவாகக் காட்டும், சரிசெய்துகொள்வேன். ஒரு நாள் காலை கறுப்புத் திரையில் ‘சிமோஸ் செக்சம் எரர்’ என்று வந்தது. கீழே, தொடர எஃப்1 அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். விண்டோஸ் படம் வந்தது, நீலத் திரை ஒன்று மின்னி மறைந்தது, கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆனது. எத்தனை முறை செய்தாலும் அதேதான்.

பயந்துபோய் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கேபினட்டைக்கூடத் திறக்கவில்லை. ஆன் செய்து, நீலத் திரையைப் பார்த்த கையோடு, “ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார், புதுசுதான் போடணும்” என்றார் அங்கிருந்தவர். உள்ளே இருப்பதை எடுக்க முடியுமா என்று கேட்டேன். “டிஸ்க்கே செத்துப்போச்சு சார், எதுவும் வராது” என்றார். அந்த நிமிடம் எனக்கு அப்பாவின் குரல்தான் நினைவுக்கு வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, புது டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார்கள். பழைய டிஸ்க்கைக் கேட்டால், “அதை வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க, நாங்களே டிஸ்போஸ் பண்ணிடுறோம்” என்றார்கள். வேலைக்கு ஆகாவிட்டாலும் பரவாயில்லை, என் பொருள் எனக்கு வேண்டும் என்று நின்றேன். அரை மணி நேரம் காக்க வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். அப்படிப் பிடிவாதமாக நின்றதால்தான் இன்று இதை எழுத முடிகிறது.

வீட்டுக்கு வந்து சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை மறுபடியும் அதே ‘சிமோஸ் செக்சம் எரர்’. தேதி 2009 ஜனவரி 1 என்று இருந்தது. எஃப்1 அழுத்தியதும் இந்த முறை விண்டோஸ் வந்துவிட்டது. ஆனால் தேதி தப்பாக இருந்ததால் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்றது.

ஹார்டுவேர் வேலை தெரிந்த என் சித்தி மகனைக் கூப்பிட்டேன். கேபினட்டைத் திறந்தவன் முதலில் தொட்டது மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரியைத்தான். சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். 3 வோல்ட் காட்ட வேண்டியது மீட்டரில் 2.1 காட்டியது. “அண்ணா, மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் நினைவில் வைத்திருப்பது இதுதான். இது தீர்ந்தால் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும்” என்றான்.

பயாஸ் என்பது, விண்டோஸ் வருவதற்கு முன்னால் ஓடி கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மென்பொருள், மதர்போர்டிலேயே இருக்கும். அதன் செட்டிங்கில்தான் விஷயமே இருந்தது. ஹார்ட் டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் முறையைப் பயாஸில் சாட்டா மோட் என்பார்கள். என் பழைய விண்டோஸ் ஏஹெச்சிஐ மோடில் ஏற்றப்பட்டது. பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் தன் ஆரம்ப நிலையான ஐடிஇ மோடுக்குப் போய்விட்டது. அந்த மோடுக்கான டிரைவர் என்ற சிறு மென்பொருளைத் தொடக்கத்தில் ஏற்றாத விண்டோஸ், தன் டிஸ்க்கையே அடையாளம் காண முடியாமல் நீலத் திரையில் விழுந்தது. ரீஸ்டார்ட் ஆகும்போது எஃப்8 அழுத்தி, தானே ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தியிருந்தால், அந்தத் திரையில் 0x0000007B என்ற எண்ணைப் படித்திருக்கலாமாம். விண்டோஸ் தன் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்பதைச் சொல்லும் எண் அது. கடைக்காரர்கள் ஐடிஇ மோடிலேயே புது விண்டோஸை ஏற்றிவிட்டார்கள். அதனால்தான் அது மட்டும் ஓடியது.

அவன் பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைச் சரிசெய்து, ஏஹெச்சிஐ என்று வைத்து, பழைய டிஸ்க்கை மட்டும் மாட்டினான். செத்துப்போனது என்றார்களே, அது ஒன்றுமே நடக்காதது போல என் பழைய டெஸ்க்டாப் படத்தோடு திறந்தது. அப்பாவின் பதிவுகள் அத்தனையும் இருந்தன. முதல் வேலையாக எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்தோம்.

அதற்கு அப்புறம் தெரிந்ததுதான் இன்னும் மோசம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் கணக்கை அது காட்டும்: எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை செக்டர் (தகவல் பதியும் சிறு பகுதி) கெட்டு மாற்றப்பட்டது என்று. என் பழைய டிஸ்க்கில் கெட்ட செக்டர் ஒன்றுகூட இல்லை. கடைக்காரர்கள் கொடுத்த புது டிஸ்க் ஏற்கெனவே 14,600 மணி நேரம் ஓடியிருந்தது. இரவு பகலாக ஓடினாலே அறுநூறு நாளுக்கு மேல் ஆகும்.

அழித்த ஃபைல்களை மீட்கும் மென்பொருளை அதில் ஓட்டிப் பார்த்தான். யாரோ ஒரு குடும்பத்தின் படங்கள் வரிசையாக வந்தன. ஒரு குழந்தையின் பிறந்த நாள். டிஸ்க்கை வெறுமையாக்க மேலோட்டமாகக் குவிக் ஃபார்மேட் செய்தால் ஃபைல்களின் பட்டியல்தான் போகும், உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். உடனே மூடச் சொல்லிவிட்டேன். அவர்களிடமும் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லித்தான் இதை வாங்கி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் விட்டுவிட்டு வந்திருந்தால் என் பிள்ளைகளின் படங்களும் இப்படித்தான் வேறு யார் வீட்டுக்கோ போயிருக்கும்.

உங்கள் கம்ப்யூட்டரில் தேதி பின்னால் போகிறதென்றால் முதலில் அந்தப் பேட்டரியை மாற்றுங்கள். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று யார் சொன்னாலும், அந்தக் கணக்கை உங்கள் கண் முன்னால் திரையில் காட்டச் சொல்லுங்கள். புதிது என்று தருவதற்கும் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். புது டிஸ்க்கில் அது பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சுக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.

மணி நேரக் கணக்கைப் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். “ஸ்டாக் மாறிப்போச்சு சார்” என்றார்கள். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கான பணத்தைத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள், வேலைக்கான கூலியைத் தர முடியாது என்றுவிட்டார்கள். அன்றே கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு, டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதும்படி முழு ஃபார்மேட் போட்டோம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. மீட்கும் மென்பொருளை மறுபடி ஓட்டி, அந்தக் குழந்தையின் படம் ஒன்றும் வரவில்லை என்று பார்த்த பிறகுதான், மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.