வந்து போகும் கோளாறு: மட்டக்களப்பில் ஸ்போர்ட்ஸ் காரை யாரிடம் காட்டுவது?

என் மச்சானிடம் இருப்பது இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய, துணிக்கூரை மடங்கும் ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், இடைப்பட்ட காலத்தில் இத்தகைய காரை வைத்திருந்தவர்கள் அதை மாற்ற வழியின்றி, வயதேற வயதேற ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அவரும் அப்படித்தான். கச்சான் காற்று வீசும் ஆடி மாத நண்பகலில், காத்தான்குடி நெரிசலுக்குள் ஊர்ந்து வரும்போது இஞ்சின் சட்டென்று நின்றுவிடும். அரை மணி நேரம் வீதியோரம் ஆறவிட்டால், எதுவுமே நடக்காததுபோல ஓடும். மாரி மழை தொடங்கினால் வேறொரு கூத்து: கதவுப் பூட்டு தானாகத் திறக்கும், சாவியைக் கார் அடையாளம் காண மறுக்கும், இரண்டு நாள் வெயில் எறித்தால் எல்லாம் சரியாகிவிடும்.

இப்படி வந்து போகும் கோளாறின் மூலத்தைப் பிடிக்க, மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. ஊகித்து உதிரிப்பாகங்களை மாற்றிப் பார்ப்பது ஒன்று. காரின் கணினி பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடுகளைப் படித்துக் காட்டும், கைபேசியோடு இணையும் சிறிய கோட் ரீடரை வாங்கித் தானே பார்ப்பது இன்னொன்று. உள்ளூர் ஓட்டோ எலக்ட்ரீசியனிடம் ஒப்படைப்பது மூன்றாவது. லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பி, அந்தத் தயாரிப்புக்கே உரிய ஸ்கேனரில் காட்டுவது நான்காவது. மச்சான் நான்கையும் செய்தார், ஆனால் வரிசை பிழைத்துவிட்டது. மின்னியல் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக எல்லா அலைச்சலிலும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார் என்பதால், ஒவ்வொன்றும் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அருகிலிருந்து பார்க்க முடிந்தது.

ஊகித்து மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூட்டில் நிற்கும் இஞ்சினுக்கு முதலில் சந்தேகிக்கப்படுவது பெற்றோல் பம்ப். சூடேறியதும் சோர்ந்துபோகும் பம்ப் உண்மையிலேயே உண்டு என்பதால் அந்தச் சந்தேகத்தில் பிழையில்லை. பம்ப் மாற்றப்பட்டது, பிறகு இஞ்சினுக்குள் பொறி எழுப்ப மின்சாரம் தரும் இக்னிஷன் கொயில்கள் மாற்றப்பட்டன. கொயில் மாற்றிய கிழமையில் வானம் மூடி, வெக்கை குறைந்திருந்தது. கோளாறு பத்து நாள் எட்டிப் பார்க்கவில்லை, மச்சான் ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார், பதினோராம் நாள் கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கார் நின்றது. நிரந்தரமான கோளாறில் ஒரு பாகத்தை மாற்றியதும் விடை தெரிந்துவிடும். வந்து போகும் கோளாறிலோ, மாற்றிய பாகம் குணமாக்கியதா, கோளாறே ஓய்வெடுக்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. இந்த வழியில் நான் நியாயப்படுத்தக்கூடியது ஒன்றே ஒன்று: பம்ப்புக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சிறு சுவிட்சான ரிலேயையும் ஹோர்ன் ரிலேயையும், இரண்டின் இலக்கமும் கால்களும் ஒன்றாக இருந்தால், இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. அதற்குக் காசு செலவில்லை.

அடுத்து அவர் தாவியது நேராகக் கொழும்புக்கு. அங்கே கிடைப்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. போர்ஷேக்கு பிவிஸ், பி.எம்.டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் கார்களுக்கென்றே கருவி வைத்திருக்கிறார்கள். அவை இஞ்சினின் கணினியோடு மட்டுமன்றி, பூட்டு, கூரை, ஏர்பேக், சாவி அடையாளம் என்று காரில் இருக்கும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டியோடும் தனித்தனியாகப் பேசும். புதிய பெட்டியொன்றைக் காருக்குப் பழக்கிவிடவும் அவற்றால் முடியும். ஆனால் 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில், அதுவும் இராப் பயணமாக, குளிர்ந்து போய் இறங்கிய கார் அங்கே மூன்று நாளும் பள்ளிப்பிள்ளைபோல ஒழுங்காக ஓடியது. கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்ற அறிக்கையோடு திரும்பி வந்தது. அறிக்கை பொய்யல்ல. லொறியில் ஏற்றி அனுப்ப முடியாதவற்றைத்தான் அங்கே காட்டவேண்டியிருந்தது: உச்சி வெயிலையும், நெரிசலையும், அரை மணி நேரமாக நகராத இஞ்சின் அறையின் வெக்கையையும்.

இதில் எங்கள் பங்குக்கு ஒரு பிழையும் உண்டு. லொறியில் ஏற்றுமுன் பாதுகாப்புக்கென்று மச்சான் பற்றரி வயரைக் கழற்றிவிட்டார். பல கார்களில் இப்படிக் கழற்றினால், தேங்கியிருந்த கோளாறுக் குறியீடுகளும், கோளாறு நிகழ்ந்த கணத்தில் கணினி எடுத்து வைத்த சூடு, வேகம், சுழற்சி முதலிய அளவுகளும் அழிந்துபோகும். ஆதாரத்தை நாங்களே கழுவித் துடைத்துவிட்டு, அதைத் தேடித்தரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

கைபேசி ரீடரை மச்சான் முதலில் விளையாட்டுச் சாமான் என்றே நினைத்தார். 1996 முதல் அமெரிக்காவிலும் 2001 முதல் ஐரோப்பியப் பெற்றோல் கார்களிலும் கட்டாயமாக்கப்பட்ட 16 முனைச் சொக்கட், டேஷ்போர்டின் அடியில் இருக்கும். அதில் செருகினால் இஞ்சின் தொடர்பான குறியீடுகளை இது காட்டிவிடும். பூட்டு, கூரை, சாவிப் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் இதனால் நுழைய முடியாது. அது குறைதான். அதைவிடப் பெரிய ஆபத்து, குறியீட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. பற்றரி வலுவிழந்து, ஸ்டார்ட் அடிக்கும்போது வோல்ட் சரிந்தால், ஒவ்வொரு பெட்டியும் தன் பக்கத்து வீட்டுக்காரனைக் காணவில்லை என்று முறைப்பாடு எழுதிவைக்கும். அப்படி ஒரு காலை எங்கள் டேஷ்போர்ட் மாமாங்கத் திருவிழா அலங்காரம்போல எரிந்தது. காரணம் பழைய பற்றரி ஒன்றுதான். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் கிட்டவும், இஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரையும் இல்லாத காரில், வேறு எந்தக் குறியீட்டையும் நம்பி வேலை தொடங்கக் கூடாது.

இருந்தாலும் நான்கு வழிகளில் காருக்குள்ளேயே எப்போதும் கூட இருக்கக்கூடியது இந்த ரீடர் மட்டும்தான். வந்து போகும் கோளாறுக்கு அந்த ஒரு தகுதி, கொழும்புக் கருவியின் பத்துத் தகுதிகளுக்குச் சமம். இதன் உண்மையான பயன் குறியீட்டில் இல்லை, கார் ஓடும்போது கணத்துக்குக் கணம் காட்டும் அளவுகளில் இருக்கிறது. அதை எங்களுக்குக் கற்றுத்தந்தவர் உள்ளூர் எலக்ட்ரீசியன்.

அவருடைய கராஜ் இரண்டு தகரக் கூரையும் ஒரு வேம்பும்தான். கையிலிருப்பது ஒரு மல்டிமீற்றர், மின்சாரம் வருகிறதா என்று குத்திப் பார்க்கும் ஒரு ரெஸ்ட் விளக்கு, பழைய தலைமயிர் உலர்த்தி, தண்ணீர் தெளிக்கும் போத்தல். இத்தனை விலையுள்ள காரை இங்கேயா கொண்டு வந்தோம் என்று மச்சானின் முகம் சுருங்கியதை அவரும் கவனித்திருப்பார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரைக் காலை எட்டு மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தியதும் அவர் கேட்டது இதைத்தான்: “நிக்கிற காரைத்தான் நான் பார்க்கணும் மனே, ஓடுற காரைப் பார்த்து என்ன செய்யிற?” உச்சிப்பொழுதில் ஓடச் சொன்னார், நின்ற இடத்துக்குத் தான் வருவதாகச் சொன்னார். அதுவரை ஒரு கொப்பி வைத்து, நின்ற நேரம், பெற்றோல் அளவு, ஏசி போட்டிருந்ததா, நிற்கும்போது இஞ்சின் தடுமாறி நின்றதா அல்லது சுவிட்சை அணைத்ததுபோல நின்றதா என்று எழுதச் சொன்னார். அந்தக் கடைசிக் கேள்வியின் அருமை எனக்குப் பிறகுதான் விளங்கியது. பெற்றோல் குறைந்தால் இஞ்சின் முனகித் தடுமாறிச் சாகும். சைகையோ மின்சாரமோ அறுந்தால் ஒரே வெட்டாக நிற்கும். எங்கள் கொப்பியில் ஐந்து முறையும் ஒரே வெட்டுத்தான். பம்ப்புக்குக் கொடுத்த காசு அந்த ஐந்து வரியில் வீணென்று தெரிந்தது.

காத்திருந்த நாட்களில் அவர், பற்றரியை இஞ்சின் உடலோடு இணைக்கும் எர்த் வயரைச் சோதித்தார். மல்டிமீற்றரில் தொடர்ச்சி பார்த்தால் வயர் நல்லது என்றே காட்டியது. அதை அவர் நம்பவில்லை. உள்ளே ஒரேயொரு செப்பு இழை மிஞ்சியிருந்தாலும் அந்தச் சோதனையில் வயர் தேறிவிடும் என்றார். கறுப்பு முனையைப் பற்றரியின் மறைத் தலையிலும் சிவப்பு முனையை இஞ்சின் உடலிலும் வைத்து, ஸ்டார்ட் அடிக்கச் சொன்னார். 0.2 வோல்ட்டைச் சுற்றி இருக்கவேண்டிய இடத்தில் 0.7 காட்டியது. கழற்றிப் பார்த்தால், நுனியில் பச்சைப் பூஞ்சணம்போல உப்புக்காற்றின் வேலை. உறைக்குள் விரற்கடை தூரத்துக்கு அது ஏறியிருந்தது. ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக இருக்கும் எங்கள் ஊரில் இந்தச் சோதனைதான் முதலில் நடந்திருக்கவேண்டும். வயரை மாற்றியதும் ஸ்டார்ட் அடிக்கும் சத்தமே மாறியது. கார் நிற்பது மட்டும் நிற்கவில்லை. உண்மையான பழுது ஒன்று கிடைத்துவிட்டது என்பதற்காக, தேடிய பழுது அதுதான் என்று அவர் முடிவுகட்டவில்லை என்பதை இங்கே குறித்தாக வேண்டும்; பலரும் அந்த இடத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

நான்காம் நாள், நாவற்குடாவில் பகல் ஒன்றரை மணிக்குக் கார் நின்றது. அவர் மோட்டார் சைக்கிளில் வந்து, பொனட் பக்கமே போகாமல், ரீடரைச் செருகி, இஞ்சின் சுழற்சி எண்ணிக்கையை மட்டும் திரையில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்டார்ட்டர் இஞ்சினைச் சுழற்றுவது காதில் கேட்கிறது, திரையிலோ பூச்சியம். சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சர் வாய்மூடியிருந்தது. சுழலாத இஞ்சினுக்குக் கணினி பெற்றோலும் பொறியும் தராது. காருக்கு அடியில் படுத்து, நனைத்த துணியைச் சென்சரின் மேல் ஐந்து நிமிடம் சுற்றி வைத்தார். மீண்டும் சாவியைத் திருப்பினோம், திரையில் 200ஐத் தாண்டி எண் துள்ளியது, இஞ்சின் பிடித்தது. சென்சருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூட்டில் விரிந்து அறுபட்டு, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. ஓடும் இஞ்சின் சடுதியாக நிற்பதையும் சாவியை அணைப்பதையும் சில கணினிகள் ஒன்றாகவே எடுத்துக்கொள்வதால், குறியீடு பதியாமலே போகக்கூடும். மின் சைகையை அலையாக வரைந்து காட்டும் ஒஸிலோஸ்கோப் இருந்தால் அந்தச் சைகை சூடேறச் சூடேற நலிவதையே கண்ணால் பார்த்திருக்கலாம். ஈரத்துணி அந்த இடத்தை ஓரளவு நிரப்பிவிட்டது.

இதை வைத்து உள்ளூர்க் கை எப்போதும் வெல்லும் என்று சொல்ல நான் தயாரில்லை. மழைக் கோளாறில் அதே எலக்ட்ரீசியன் பாதி வழியில் நின்றார். இருக்கைக்கு அடியில் விரிப்பைத் தூக்கியதும் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. மடங்கும் கூரையின் ஓரத்து வடிகால் துளையில் வேப்பஞ்சருகு அடைத்து, மழைநீர் உள்ளே வழிந்து, பூட்டையும் சாவி அடையாளத்தையும் பார்க்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை நனைத்திருக்கிறது. மூலத்தைக் கண்டது அவர்தான். சூட்டில் நிற்பதையும் மழையில் பூட்டுத் திறப்பதையும் ஒரே நோயென்று எண்ணி நாங்கள் ஒரு வருடம் அலைந்ததைச் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டியதும் அவர்தான். ஆனால் பெட்டிக்குள் செப்புக் கோடுகள் அரித்துப் போயிருந்தன. அதற்குப் பதிலாக வரும் பெட்டியைச் சாவியோடும் இஞ்சின் கணினியோடும் இணைத்துப் பழக்காமல் கார் ஸ்டார்ட் ஆகாது. அந்த வேலைக்கு அத்தயாரிப்புக்குரிய ஸ்கேனரைத் தவிர வேறு வழியில்லை. கார் இரண்டாவது முறை கொழும்புக்குப் போனது. இம்முறை கையில் ஒரு தாள் இருந்தது: எந்தப் பெட்டி, ஏன் பழுதானது, என்ன செய்யவேண்டும். அங்கே வேலை ஒரே பகலில் முடிந்தது.

ஆகவே என் வரிசை இது: முதலில் கொப்பியும் ரீடரும், அடுத்து, கோளாறு நிகழும் நேரத்தில் வரத் தயாரான உள்ளூர்க்காரர், பழக்கிவிடும் வேலை என்று உறுதியான பின்புதான் கொழும்பு. உள்ளூரில் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அவரிடம் என்ன கருவி இருக்கிறது என்பதைவிட, ஸ்டார்ட் அடிக்கும்போது வோல்ட் அளந்து பார்ப்பாரா, புதிய இலத்திரனியல் பெட்டிகளில் ரெஸ்ட் விளக்கைக் குத்தாமல் இருக்கத் தெரியுமா என்று விசாரிப்பது மேல்; அந்த விளக்கு இழுக்கும் மின்னோட்டமே சில பெட்டிகளைக் கெடுத்துவிடும். ஊகித்து மாற்றுவதற்கு இந்த வரிசையில் நான் இடம் ஒதுக்கவில்லை.

மச்சான் இப்போது ஐப்பசி பிறக்குமுன்னரே, கல்லடிக் கரையில் வாங்கிய தங்கூசியைக் கூரை வடிகால் துளைக்குள் விட்டு இழுத்து, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, சக்கரத்துக்குப் பின்னால் அது வடிந்து விழுகிறதா என்று குனிந்து பார்க்கிறார்.