மொசைக் போடுகிறவர்களுக்கும் ஒரு கையேடு: டார்ட் மையத்தின் இலவசக் குறிப்புகள், ஒரு வீடியோ எடிட்டரின் பார்வையில்

செய்தித் தொலைக்காட்சியில் வீடியோ எடிட்டர் வேலை எனக்கு. களத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து, ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வந்தது என்று வீட்டிலும் கேட்பார்கள், ஆபீஸிலும் கேட்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். டிவியில் நீங்கள் பார்த்தது மொசைக் போட்ட, அதாவது கோரம் தெரியாமல் கட்டம் கட்டமாக மங்கலாக்கிய சில நொடிகள். அந்த மொசைக்கைப் போட யாராவது ஒருவர் அதை மொசைக் இல்லாமல் பார்த்தாக வேண்டும், ஃபிரேம் ஃபிரேமாக.

அந்த 'யாராவது ஒருவருக்காக' எழுதப்பட்ட குறிப்புகள் இவை. பத்திரிகையாளர்களும் மன அதிர்ச்சியும் பற்றி வேலை செய்கிற, நியூயார்க்கின் கொலம்பியா இதழியல் பள்ளியைச் சேர்ந்த டார்ட் மையம் வெளியிட்டது. கோரமான காட்சிகளோடு வேலை செய்பவர்கள் என்ன செய்யலாம் என்று சில பக்கங்களில் சொல்கிறது. இணையத்தில் இலவசம். மூச்சை இழுத்து விடுங்கள், நேர்மறையாகச் சிந்தியுங்கள் வகையறாவாக இருக்கும் என்றுதான் திறந்தேன். பார்த்தால் பாதிக்கு மேல் எடிட்டிங் அறைச் சமாச்சாரம்.

காட்சி ஓடும் விண்டோவைச் சின்னதாக்கு, திரை வெளிச்சத்தைக் குறை. முகத்தையே பார்க்காமல் உடை மாதிரி வேறு விவரத்தில் கண்ணை வை. சத்தத்தை அணை. இந்தக் கடைசி யோசனைக்கு மட்டுமே ஐந்து நட்சத்திரம் தரலாம். படம் ஓரளவு மறந்துவிடும், ஆனால் அந்த ஓலம் ராத்திரி சாப்பிடும்போது கூட வரும். இப்போதெல்லாம் பைட்டை, அதாவது பேட்டித் துண்டை, ஒருமுறை கேட்டு, எந்த நொடியில் என்ன என்று டைம்கோடோடு எழுதிக்கொள்கிறேன். மற்ற கட்டிங் எல்லாம் மியூட்டில்தான்.

இன்னொன்று, ஃபைலுக்குப் பெயர் வைப்பது. ஸ்டிரிங்கரிடமிருந்து (ஊரில் இருக்கும் பகுதிநேரச் செய்தியாளர்) வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவுக்குப் பெயர் என்று ஒன்றும் இருக்காது, வெறும் எண்தான். திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். ஒரே கிளிப்பை இன்ஜெஸ்டில் (வரும் வீடியோவைச் சிஸ்டத்தில் ஏற்றும் இடம்) ஒருவர், டெஸ்க்கில் ஒருவர், எடிட்டில் ஒருவர், கிராபிக்ஸில் ஒருவர் என்று ஆளாளுக்குத் திறந்து பார்ப்போம். தேவையில்லாமல் மறுபடி மறுபடி பார்ப்பதை ஒழி, ஃபைலை அடையாளம் போட்டுப் பிரித்து வை என்கிறது கையேடு. எங்கள் ஷிஃப்டில் மோசமான ஃபைல் எல்லாவற்றுக்கும் முன்னால் 'சிவப்பு' என்று போட ஆரம்பித்தோம். ஃபோல்டரில் தம்ப்நெயில் வராமல் லிஸ்ட் வியூ. போனில் ஆட்டோ டவுன்லோட் கட். காசு செலவே இல்லாத வேலை.

இது வெறும் யோசனை இல்லை என்பதற்கு ஆதாரமும் உண்டு. டொராண்டோவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆந்தனி ஃபைன்ஸ்டீனும் சகாக்களும் 2014இல், பொதுமக்கள் எடுத்து அனுப்பும் வன்முறைக் காட்சிகளைக் கையாளும் 116 பத்திரிகையாளர்களை ஆய்வு செய்தார்கள். எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு அடிக்கடி பார்த்தார்கள் என்பதுதான் மனதை அதிகம் பாதிக்கிறது என்று தெரியவந்தது. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 தொகுப்பும் 2013இலேயே, வேலையின் பகுதியாக இப்படிப்பட்ட காட்சிகளைத் திரையில் திரும்பத் திரும்பப் பார்ப்பதை பிடிஎஸ்டிக்கு (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) வழிவகுக்கக்கூடிய அனுபவங்களில் சேர்த்துவிட்டது. ஏசி ரூம்காரர்கள் இதைப் பிரிண்ட் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

குறை எங்கே என்றால், கையேடு மனதில் வைத்திருக்கும் நியூஸ்ரூம் நம்முடையது இல்லை. இடைவேளை எடு, வெளியே போய் மரத்தைப் பார் என்கிறது. ராத்திரி ஷிஃப்டில் எடிட்டரே இரண்டு பேர், பிரேக்கிங் ஓடும்போது மரத்தை எங்கே பார்ப்பது? எழுந்து போக முடியாத ஆளுக்கு என்ன வழி என்று ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம். மேலதிகாரிகளுக்கான பகுதியை எங்கள் டெஸ்க் பொறுப்பாளரிடம் காட்டினேன். "சூப்பரா இருக்கு, எலெக்‌ஷன் முடியட்டும்" என்றார். எந்த எலெக்‌ஷன் என்று நான் கேட்கவில்லை. ஸ்டிரிங்கர் நிலைமை இன்னும் மோசம். ஸ்டோரிக்கு இவ்வளவு என்று கூலி. நான் மியூட்டில் பார்ப்பதை அவர் நேரில், முழுச் சத்தத்தோடு, தெரிந்தவர்கள் வீட்டு வாசலில் நின்று எடுத்திருப்பார். அவருக்கு ஷிஃப்டும் கிடையாது, மாற்றிவிட ஆளும் கிடையாது.

இதே மையம், துயரத்தில் இருப்பவர்களைப் பேட்டி எடுப்பது பற்றியும் நிறைய வெளியிட்டிருக்கிறது. எங்கே உட்காருவது, எப்போது நிறுத்துவது என்பதைப் பேசுகிறவரே முடிவு செய்யட்டும், எடுத்ததை எப்படிப் பயன்படுத்துவோம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு என்பதெல்லாம் அதன் சாரம். ரிப்போர்ட்டருக்கானது என்றாலும் எடிட்டருக்கு இதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு தாய் கதறும் இருபது நொடியை லூப்பில் ஓட்டுவது சுலபம். அழுகை அடங்கியதும் அவர் நிதானமாகச் சொல்வார்: யார் விற்றது, எத்தனை வருஷமாக, யாரிடம் புகார் கொடுத்தோம். செய்தி அதுதான், கட்டிங்கில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். அதை வைத்துவிட்டு கதறலை வெட்டினால் கதையும் நிற்கும், எடிட்டரும் அந்த ஓலத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

அடிதடி, கூட்டம், கண்ணீர்ப்புகை மாதிரி சமயங்களில் உடல் பாதுகாப்புக்கு இந்தக் கையேடு உதவாது. அதற்கு பத்திரிகையாளர் பாதுகாப்புக்கான சிபிஜே அமைப்பின் பாதுகாப்புக் கையேடுகள் தனியாக இருக்கின்றன, அவையும் இலவசம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. எடிட்டர், டெஸ்க், சோஷியல் மீடியா டீம் மூன்று பேரும் கட்டாயம் படிக்கலாம். நான் முக்கியமானதைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கடைசி வரியில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐயும் சேர்த்திருக்கிறேன். அரசு நடத்துவது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள்.