கொழும்பில "குவாரண்டைன் முடிஞ்ச மீன்" எண்டு சொல்லி வித்தா நம்பி ரீஃப் தொட்டிக்குள்ள விட்டிடாதீங்கோ

கடல்மீன் தொட்டி வச்சிருக்கிற ஆக்கள், முக்கியமா கோரலோட (பவளத்தோட) பழைய ரீஃப் தொட்டி வச்சிருக்கிற ஆக்கள், நீளமா இருந்தாலும் இத முழுக்க வாசியுங்கோ. கொழும்பில ஒரு கடை எனக்கு நோய் பிடிச்ச மீன "மருந்து குடுத்து குவாரண்டைன் முடிச்சது" எண்டு சொல்லி ரெண்டு மடங்கு விலைக்கு வித்து, அதால என்ர தொட்டியில வருசக்கணக்கா இருந்த மீன் ஒண்டத் தவிர எல்லாம் ஒரு கிழமைக்குள்ள போயிட்டுது. கடைப் பேர் இங்க போடேல்ல, முறைப்பாடு குடுத்திருக்கிறன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனா அவங்கள் செய்த மாதிரி வேற ஆக்களும் செய்யலாம், அதுதான் எழுதிறன்.

நான் வெள்ளவத்தையில இருக்கிறன், கீழ் வீடு, அதால ஹோலுக்குள்ள ஆறடி தொட்டி வைக்க முடிஞ்சது. 2017ல தொடங்கின தொட்டி. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் கட் பண்ணின நேரத்தில பேட்டரி ஏர் பம்ப் மாறி மாறிப் போட்டு, இரவிரவா முழிச்சிருந்து காப்பாத்தின மீன் அதெல்லாம், சோல்ட் வாளி இறக்குமதி இல்லாம விலை ஏறின காலத்திலயும் ஒரு தண்ணி மாத்து தவறேல்ல. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க கறண்ட் போச்சே, அதையும் தாண்டினதுகள். க்ளோன் சோடி ஒண்டு, ரெண்டு பங்காய் கார்டினல், ஒரு பைகலர் ப்ளெனி, மெலனூரஸ் ராஸ் ஒண்டு. ப்ளெனி காலமை நான் தேத்தண்ணியோட வந்து இருந்தா கல்லுப் பொந்துக்குள்ள இருந்து தலைய நீட்டிப் பாக்கும், அதுக்கு என்னத் தெரியும், மீனுக்கு ஆளத் தெரியாது எண்டு சொல்லுறவைக்கு வளத்துப் பாத்தாத்தான் விளங்கும்.

இவ்வளவு பெரிய தொட்டிக்கு ஒரு டாங் மீன் இருந்தா நல்லம், பாசியும் மேயும் எண்டு கனநாளா ஆசை. பவுடர் ப்ளூ டாங் எங்கட இந்து சமுத்திர மீன், இலங்கைக் கடல்லயே பிடிபடுறது, ஆனா அந்த மீன் மாதிரி வெள்ளப்புள்ளி நோய கெதியா இழுத்துக்கொண்டு வாற வேற மீன் குறைவு. பழைய தொட்டிக்குள்ள புது மீன் ஒண்டு நேரடியாப் போகவே கூடாது, தனித் தொட்டியில வச்சு கொப்பர் (செப்பு மருந்து) குடுத்துப் பாத்துத்தான் விடவேணும், அது எனக்கு வடிவாத் தெரியும். ப்ளட்டில அதுக்கு மாதக்கணக்கா இன்னொரு தொட்டி நிரந்தரமா வைக்க இடம் இல்ல, அதால குவாரண்டைன் செய்து விக்கிற கடை எண்டு தேடித்தான் போனன். காசு கூடக் குடுத்ததும் அந்த ஒரு வேலைக்குத்தான்.

முதலாளி போன்ல சொன்னது வொய்ஸ் மெசேஜா இப்பவும் இருக்கு: "அக்கா, இது எங்களிட்ட வந்து ஒரு மாசம் தாண்டிட்டு, நேற்று வரைக்கும் கொப்பர் தண்ணியிலதான் வச்சிருந்தம், இண்டைக்கே கொண்டு போய் ரீஃபுக்குள்ள விடலாம், பயப்படாதீங்க." குவாரண்டைன் அறையப் பாக்கலாமா எண்டு கேட்டன். வெளி ஆக்கள் வந்தா கிருமி வரும், உள்ள விடுறேல்ல எண்டாங்கள், காரணம் நியாயமாத்தான் பட்டுது. மீன் நோரி (காய்ஞ்ச கடல்பாசி) சாப்பிடுற வீடியோ ஒண்டு அனுப்பினாங்கள், வெறும் கண்ணாடித் தொட்டி, பிவிசி குழாய்த் துண்டு, ஸ்பொஞ்ச் ஃபில்டர், பாத்தா அசல் குவாரண்டைன் தொட்டிதான்.

வீட்ட கொண்டு வந்து பைத் தண்ணிய ரிஃப்ராக்டோமீட்டரில (உப்பளவு பாக்கிற கருவி) பாத்தா 1.018. என்ர தொட்டி 1.025, கடையில சொன்னதும் 1.025. கடைகள் உப்புக் குறைச்சு வைக்கிறது சாதாரணம், சோல்ட் மிச்சம், கிருமியும் கொஞ்சம் அடங்கும், ஆனா வாங்கிற ஆளுக்கு உள்ளதச் சொல்லவேணும். உப்புக் குறைஞ்ச தண்ணியில இருந்த மீன சடாரெண்டு கூடின தண்ணிக்குள்ள போட்டா உடம்புத் தண்ணி வத்திச் செத்தும் போகலாம். உடன கோல் எடுத்தா "அது ஒண்டும் செய்யாது அக்கா". வாளிக்குள்ள ஹீட்டரும் ஏர் ஸ்டோனும் போட்டு அண்டைக்கு இரவு முழுக்க கொஞ்சம் கொஞ்சமா உப்ப ஏத்தித்தான் விட்டனான்.

ரெண்டு மூண்டு நாள் வடிவா ஓடித் திரிஞ்சுது. அதுக்குப் பிறகு வேவ்மேக்கர் (அலை உண்டாக்கிற பம்ப்) தண்ணி அடிக்கிற இடத்தில மூஞ்சைய வச்சுக்கொண்டு அசையாம நிக்குது. லைட் போட்டா கல்லுக்குப் பின்னால போகுது. மூச்சு படபடவெண்டு எடுக்குது. உடம்பில புள்ளி ஒண்டும் இல்ல. இந்த இடத்த கவனமா வாசியுங்கோ, ஏனெண்டா கனபேர் இக் (வெள்ளப்புள்ளி நோய்) எண்டா உப்புக்கல்லு மாதிரி வெள்ளப் புள்ளி வரும், எண்ணிப் பாக்கலாம், வந்தாப் பாப்பம் எண்டு இருப்பினம். வெல்வெட் எண்ட மற்றக் கிருமி நோய் அப்பிடி இல்ல. அது முதல்ல பிடிக்கிறது செவுள. தோலில பவுடர் தூவின மாதிரி எண்ணேலாத அளவு தூசி தெரியிற நேரம் செவுள் ஏற்கனவே போயிருக்கும், அதுக்குப் பிறகு ஒரு நாள் ரெண்டு நாள்தான். ஹோல் லைட்ட நிப்பாட்டிப்போட்டு டோர்ச்ச பக்கவாட்டில அடிச்சுப் பாத்தன், தோலில மஞ்சள் பொன் நிறத்தில மெல்லிய தூசி. கை நடுங்கிப் போச்சு.

கடைக்கு எடுத்தன். முதல் கேள்வி, "அமோனியா பாத்தீங்களா, உங்கட தண்ணி பிழையா இருக்கும்." அமோனியா பூச்சியம், நைட்ரேட் 10, வெப்பம் 26, ஃபோட்டோ எடுத்து அனுப்பினன். அதுக்குப் பிறகு ரீஃப் சேஃப் (கோரலுக்கு ஒண்டும் செய்யாது எண்டு விக்கிற) மருந்துப் போத்தல் ஒண்டு வாங்கி ஊத்தட்டாம், சாப்பாட்டில உள்ளி கலந்து குடுக்கட்டாம், க்ளீனர் இறால் ரெண்டு வாங்கி விட்டா அது கிருமியத் தின்னுமாம். வெல்வெட்டுக்கு உள்ளியும் இறாலும் ஒண்டும் செய்யாது. அந்த நேரத்தில அப்பிடி ஒரு ஆலோசனை சொல்லி போத்தலும் இறாலும் விக்கப் பாத்தது எனக்கு மீன் செத்ததிலும் கூடக் கோவம். நான் கேள்வி கேக்கக் கேக்க "ஐயாவ ஒருக்கா கதைக்கச் சொல்லுங்க அக்கா, உங்களுக்கு விளங்கப்படுத்த ஏலாது" எண்டவர். என்ர மனுசனுக்கு சம்ப் (ஃபில்டர் இருக்கிற கீழ்த்தொட்டி) எந்தப் பக்கம் இருக்கு எண்டே தெரியாது, தொட்டி முழுக்க என்ர கையால வளந்தது.

டாங் அடுத்த நாள் போச்சு. கார்டினல் ரெண்டும், ராஸ், பிறகு ப்ளெனி. ஒரு கிருமி முட்டை மாதிரி மூடிக்கொண்டு கீழ விழுந்து பிரிஞ்சு 256 குஞ்சு வரைக்கும் விடும், எங்கட வீட்டுச் சூட்டில அது கெதியா நடக்கும், மூடின தொட்டிக்குள்ள ஒரு மீனும் தப்ப இடம் இல்ல. கோரல் இருக்கிற தொட்டிக்குள்ள கொப்பர் ஊத்தவும் ஏலாது, கோரல், இறால், நத்தை எல்லாம் செத்திடும், கல்லும் கொப்பர உறிஞ்சி வச்சிருக்கும். கல்ல முழுக்க வெளிய எடுத்து மீனப் பிடிச்சு, சூடும் பிஎச்சும் சரி பண்ணின உப்பில்லாத நல்ல தண்ணியில 5 நிமிசம் முக்கி எடுத்து, சாப்பாட்டுச் சாமான் வைக்கிற பெரிய ப்ளாஸ்டிக் பெட்டிக்குள்ள கொப்பரோட விட்டன். நல்ல தண்ணி முக்கிறது கொஞ்ச நேர ஆறுதல்தான், நோய மாத்தாது. க்ளோன் சோடியில பெண் மட்டும் தப்பி இப்ப அந்தப் பெட்டிக்குள்ள இருக்குது.

பிறகுதான் கடைக்கு நேர போனன், என்னோட ரீஃப் வச்சிருக்கிற சிநேகிதி ஒராளும் வந்தவ. முதலாளி இல்ல, புதுசா வேலைக்கு வந்த பெடியன் ஒராள் நிண்டவர், பாவம் அவருக்கு ஒண்டும் ஒளிக்கத் தெரியாது. குவாரண்டைன் தொட்டியப் பாக்கவேணும் எண்டோண்ண பின்னால கூட்டிக்கொண்டு போயிட்டார். வீடியோவில வந்த அதே கண்ணாடித் தொட்டிதான். அதின்ர குழாய் கீழ ஒரு சம்ப்புக்குள்ள இறங்குது, முன்னால இருக்கிற விற்பனைத் தொட்டியளுக்கும் அதே சம்ப்தான். அந்தத் தண்ணியில க்ளீனர் இறாலும் டர்போ நத்தையும் உயிரோட ஓடித் திரியுது. கொப்பர் மருந்தளவில இருக்கிற தண்ணியில இறால் உயிரோட இருக்காது. அப்ப "நேற்று வரைக்கும் கொப்பர்" எண்டது எப்பிடி? சிநேகிதி அந்தத் தொட்டியில இருந்து ஒரு டாம்செல் மீன் வாங்கி பைத் தண்ணிய ஹனா செக்கரில (கொப்பர் அளக்கிற மீட்டர்) பாத்தா, கொப்பர் பூச்சியம். மருந்து முடிச்ச மீன சுத்தத் தண்ணிக்கு மாத்திறது வழமைதான், அதால பூச்சியம் எண்டத மட்டும் வச்சு நான் பொய் எண்டு சொல்லேல்ல, இறாலும் ஒரே சம்ப்பும் சேர்ந்துதான் சொல்லுது. அதுக்கு மேல, அந்தப் பெடியனே சொன்னார், பவுடர் ப்ளூ எல்லாம் திருக்கோணமலையில இருந்து லொறியில வந்த கிழமையே வித்து முடிஞ்சிடும் எண்டு. நான் வாங்கினது தென்மேல் பருவக்காத்து காலம், மேற்குப் பக்கக் கடல் குழம்பிக் கிடக்கிற நேரம், டைவர்மார் கிழக்குக்குப் போறது அப்பதான். ஒரு மாசம் கொப்பரில இருந்த மீனாம்.

இனி வாங்கப் போற ஆக்களுக்கு நான் சொல்லுறது, "குவாரண்டைன்" எண்ட சொல்லுக்கு காசு குடுக்காதீங்கோ, தொட்டிய நேர பாத்துக் குடுங்கோ. விடமாட்டம் எண்டா கண்ணாடிக்கு வெளிய நிண்டாவது பாக்கக் கேளுங்கோ. குழாய் எங்க போகுது எண்டு பாருங்கோ, தனி ஃபில்டரா, தனி வலையா. அதே தண்ணியில இறால், நத்தை, கோரல், உயிர்க்கல்லு ஏதாவது இருந்தா அங்க கொப்பர் இல்ல, முடிஞ்சுது கதை. என்ன மருந்து, எவ்வளவு, எத்தின நாள் எண்டு கேளுங்கோ, உண்மையாச் செய்யிற ஆள் யோசிக்காம சொல்லுவார்: கொப்பர் பவர் எண்ட மருந்து எண்டா 2.5 பிபிஎம் அளவில ஒரு மாசம், இல்லாட்டி 14 நாள் வச்சு சுத்தத் தொட்டிக்கு மாத்திறது, குப்ரமீன் எண்ட மருந்து எண்டா 0.5 பிபிஎம். இந்த ரெண்டு எண்ணும் கலந்து குழம்பிறவர் ஒரு நாளும் அளந்திருக்க மாட்டார். "உப்புக் குறைச்சு வச்சிருந்தம், அதுவே மருந்து" எண்டும் சொல்லுவாங்கள். 1.009 வரைக்கும் இறக்கி வச்சா இக்குக்குச் சரிவரும், வெல்வெட் அதில தப்பிடும், 1.018 ரெண்டுக்குமே மருந்தில்ல. முக்கியமா பில்லில "குவாரண்டைன் செய்தது, இன்ன மருந்து, இத்தின நாள்" எண்டு எழுதி வாங்குங்கோ. என்ர பில்லில "மீன் 1" எண்டு மட்டும் கிடக்கு, வொய்ஸ் மெசேஜ் இல்லாட்டி எனக்கு ஒண்டுமே இல்ல.

என்ர தொட்டி இப்ப மீன் இல்லாமத்தான் ஓடுது, மீன் இல்லாட்டி கிருமி தானாச் சாகும். வெல்வெட்டுக்கு ஆறு கிழமை போதும் எண்டு சொல்லுறவை இருக்கினம், ஆனா அந்தக் கடைத் தண்ணியில இக்கும் வந்திருந்தா எண்டு நான் இக்குக்குச் சொல்லுற பழைய 76 நாள் கணக்கையே பிடிச்சிருக்கிறன். கோரலுக்கும் இறாலுக்கும் அது ஒண்டும் செய்யாது.

முதலாளி வட்ஸ்அப்பில என்ன ப்ளொக் பண்ணிட்டார். நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுத்திருக்கிறன், 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கி 3 மாசத்துக்குள்ள குடுக்கவேணும், தகவலுக்கு 1977 எண்ட இலக்கம். மீன்தானே எண்டு விட்டிடாதீங்கோ, பொய் சொல்லி வித்த சாமான் சாமான்தான். காசு திரும்ப வந்தா சந்தோசம், வராட்டியும் பதிவில இருக்கட்டும்.

இப்ப அவசரமான விசயம் ஒண்டு. அந்த லொறியில வந்த மீன் என்னோட மட்டும் நிண்டிருக்காது. கிட்டடியில கொழும்பு, தெஹிவளைப் பக்கம் பவுடர் ப்ளூவோ வேற புது மீனோ வாங்கின ஆக்கள் இண்டைக்கு இரவே லைட்ட நிப்பாட்டி டோர்ச்ச பக்கவாட்டில அடிச்சுப் பாருங்கோ. மூச்சு கெதியா எடுத்து தண்ணி அடிக்கிற இடத்தில நிண்டா, தூசி தெரியிற வரைக்கும் காத்திருக்காதீங்கோ, மீன் எல்லாத்தையும் வெளிய எடுத்து கொப்பருக்கு மாத்துங்கோ. தனித் தொட்டி இல்லாட்டி ப்ளாஸ்டிக் பெட்டி, ஹீட்டர், ஏர் ஸ்டோன் காணும், அமோனியாவ மட்டும் ஒவ்வொரு நாளும் பாத்து தண்ணி மாத்துங்கோ, மாத்திற தண்ணிக்கும் அளந்து கொப்பர் போட மறக்காதீங்கோ.