ஆன்சிபிள்: பச்சை காட்டுகிறது என்று நம்பிவிடாதீர்கள்

ஏற்காட்டில் விடுதி நடத்தும் நண்பர், தன் சர்வரையும் ஆன்சிபிளுக்குள் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து தானாக அமைத்துப் பராமரிக்கும் கருவி) கொண்டுவரலாமா என்று கேட்டார். சேலத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் இதை ஓட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நல்ல கருவிதான். எஸ்எஸ்எச்சும் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) பைத்தானும் இருந்தால் போதும், சர்வரில் ஏஜென்ட் என்று தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் செக் மோடில் டிஃப் சேர்த்து ஓட்டினால், டெம்ப்ளேட்டிலிருந்து உருவாகும் ஃபைலில் எந்த வரி மாறப்போகிறது என்று முன்கூட்டியே காட்டிவிடும். யாருக்கு நிர்வாகி உரிமை என்று சொல்லும் சூடோயர்ஸ் ஃபைலை, விசூடோ என்ற நிரலிடம் கொடுத்துச் சரிபார்த்த பிறகுதான் உரிய இடத்தில் வைக்கும் அந்த வேலிடேட் வசதிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

என் கோபமெல்லாம் ஹேண்ட்லர் மேல்தான். ஃபைல் மாறினால் சர்வீஸை ரீலோட் செய்வது அதன் வேலை. ஆனால் வழக்கமாக அது ஓடுவது பிளேயின் (ஒரு தொகுதி டாஸ்க்குகளின்) கடைசியில். மலைமேல் இருந்த ஒரு சர்வருக்கு, தளத்தின் புதுப் பாதுகாப்புச் சான்றிதழை அனுப்பினோம். ஃபைல் போய்ச் சேர்ந்தது. அடுத்த டாஸ்க்கில் லைன் அறுந்தது. மறுபடி ஓட்டினால் எல்லாம் பச்சை, சேஞ்ச்டு 0. ஃபைல்தான் ஏற்கெனவே மாறிவிட்டதே, பிறகு ஹேண்ட்லரை யார் கூப்பிடுவது? தளத்தை வழங்கும் என்ஜின்எக்ஸ் பழைய சான்றிதழையே நினைவில் வைத்துக்கொண்டு ஓடியது. கண்காணிப்பும் டிஸ்க்கில் உள்ள ஃபைலின் தேதியைப் பார்த்து 'சரி' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பழையது காலாவதியானது மே மாத சீசனில், சனிக்கிழமை. புக்கிங் பக்கத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கை.

ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ் போடலாமே என்பீர்கள். டாஸ்க் தோற்றால் அது கைகொடுக்கும். சர்வரையே எட்ட முடியாவிட்டால் அதுவும் உதவாது. இடி மழை வந்தால் லைன் போகும் ஊரில் அதுதானே நடக்கும்! ஃபைல் மாற்றிய கையோடு, காத்திருக்கும் ஹேண்ட்லரை அப்போதே ஓட்டும் ஃப்ளஷ் ஹேண்ட்லர்ஸ் வைத்தால் ஆபத்து குறையும், தீராது.

கண்காணிப்பை மாற்றியது உருப்படியான வேலை. இப்போது புரொமீதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியின் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர், வாடிக்கையாளர் போலவே வெளியிலிருந்து தளத்தைத் திறந்து, சர்வர் உண்மையில் நீட்டும் சான்றிதழின் முடிவுத் தேதியைப் பார்க்கிறது.

கீழே சேலத்து சர்வர்களுக்கு ஆன்சிபிள் இல்லாமல் என்னால் வேலை பார்க்க முடியாது. லைன் போகும் மலைமேல் இருக்கும் நண்பரிடம் மட்டும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கட்டாயம் வேண்டுமென்றால், இங்கிருந்து தள்ளாமல், ஆன்சிபிள் புல் வைத்து அந்த மெஷினே இழுத்துக்கொள்ளட்டும்.