நாலு வருஷமாகப் பதிப்புரிமைச் சீட்டு ஆடுகிறோம்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பதிப்புரிமை வகுப்பு எடுக்கும் வேலை என் தலையில் விழுந்து நாலு வருஷம் ஆகிறது. பாடத்தை நான் உருவாக்கவில்லை, திறந்த உரிமத்தில், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உரியவரே முன்கூட்டி அனுமதித்துக் கிடைப்பதை எடுத்துத்தான் ஓட்டுகிறேன்.

முதலில் எடுத்தது, இப்படிப்பட்ட உரிமங்களை வகுத்துத் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) அமைப்பின் சான்றிதழ்ப் படிப்புப் பாடங்கள். படிப்பில் சேரத்தான் கட்டணம், பாடம் 'சிசி பிஒய்' என்ற உரிமத்தில் சும்மாவே கிடைக்கிறது. உரியவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, மாற்றியதைச் சொல்லிவிட்டால் வெட்டலாம், ஒட்டலாம், தமிழாக்கலாம். ஆறு வகை சிசி உரிமங்களையும் பிரித்துச் சொல்லும் பகுதி அருமை. ஆனால் அப்படியே திரையில் போட்டால் அரை மணியில் பாதிப் பேர் போனுக்குள் போய்விடுகிறார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் கேட்கவே வேண்டாம்.

வகுப்புக்கு உயிர் வந்தது சீட்டாட்டத்தால். பிரிட்டனில் ஜேன் செக்கர், கிறிஸ் மாரிசன் இருவரும் திறந்த உரிமத்தில் வெளியிட்ட 'காப்பிரைட் தி கார்டு கேம்'. ஒரு சூழ்நிலையைச் சொல்லி, இதில் என்னென்ன படைப்பு இருக்கிறது, அதை வைத்து என்ன செய்கிறீர்கள், உரிமம் உண்டா, அனுமதி இல்லாமலே பயன்படுத்தச் சட்டம் விலக்கு தருகிறதா, மாட்டினால் எவ்வளவு ஆபத்து என்று குழுவாக உட்கார்ந்து சீட்டு இறக்க வேண்டும். வாயே திறக்காத பையன்கூட சீட்டு கைக்கு வந்ததும் சண்டைக்கு வருகிறான்.

சிக்கல், அது அவர்கள் ஊர்ச் சட்டம். அங்கே படைத்தவர் இறந்து 70 ஆண்டுவரை பதிப்புரிமை, இங்கே 60. கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி எங்களுக்குப் பக்கம்தான். பழைய பாட்டுதானே என்று அவர் வரிகளை இஷ்டத்துக்கு எடுப்பவர்களுக்கு அவர் 1981இல் மறைந்தார், கணக்குப் போடுங்கள் என்பேன். 2041 முடிய வேண்டும் என்று விடை வந்ததும் அறை அமைதியாகிவிடும்.

விலக்குச் சீட்டுகளை மொத்தமாகத் தூக்கிவிட்டு நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து எழுதினேன், இரண்டு மாதம் பிடித்தது. தமிழில் எழுதும்போது பெரிய தலைவலி 'காப்புரிமை' என்ற சொல். பேட்டன்டுக்கும் அதுதான், காப்பிரைட்டுக்கும் அதுதான் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியில் எல்லாச் சீட்டிலும் பதிப்புரிமை என்றே போட்டேன். டில்லி ஜெராக்ஸ் கடை வழக்குக்குத் தனிச் சீட்டு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூன்றும் சேர்ந்து போட்ட வழக்கு, பாடத்துக்காக நகலெடுத்துத் தொகுப்பது சட்டமீறல் இல்லை என்று 2016இல் உயர்நீதிமன்றம் சொன்னது. உடனே ஒருவன் கேட்பான், "அப்ப முழுப் புத்தகமும் போடலாமா சார்?" பாடத்துக்கு அவ்வளவும் தேவையா என்ற இடத்திலிருந்துதான் நிஜமான வகுப்பே தொடங்கும்.

எனக்குப் பிடித்த சீட்டு ஆத்தங்குடிக் கல். அதைக் கேட்டது டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவரின் மகள்: அப்பா புதிதாக வரைந்த பூவை அடுத்த பட்டறைக்காரர் அப்படியே ஊற்றினால் என்ன செய்வது? பழைய பூ என்றால் எல்லோருக்கும் பொது. புதிது என்றால், வடிவமைப்புச் சட்டத்தில் பதியக்கூடியதைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் எடுத்துவிட்டால் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி பதிப்புரிமை போய்விடும். ஒரு வீட்டு முற்றத்துக்கே 50 கல் பத்தாதே! கண்ணாடி மேல் கையால் ஊற்றுவது 'தொழில்முறை' ஆகுமா என்று அன்று மணி அடித்த பிறகும் வாதம் ஓடியது. கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைத்தது ஓர் ஊரின் பெயர்பெற்ற பொருளுக்குத் தரும் புவிசார் குறியீடு, அது வேறு விஷயம் என்று விளக்க இன்னொரு வகுப்பு ஆனது.

நான் சறுக்கியதும் உண்டு. வேறு இரண்டு இடத்து ஸ்லைடுகளைக் கலந்து ஒரே பாடமாக்கினேன். ஒன்று பிஒய்-எஸ்ஏ உரிமம், மற்றது வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற பிஒய்-என்சி-எஸ்ஏ. இரண்டும் 'என் உரிமத்திலேயே வெளியிடு' என்று பிடிவாதம் பிடிப்பவை, கலந்து வெளியிடவே முடியாது. ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்தேன். இன்னொரு தடவை சக ஆசிரியர் ஒருவர் இடம் பத்தவில்லை என்று உரியவர்களின் பெயர்ப் பக்கத்தை நீக்கிவிட்டு எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். பெயர் போடாவிட்டால் உரிமம் தந்த உரிமை போய்விடும். நல்லவேளை, சிசி உரிமத்தின் 4.0 பதிப்பில் தவறு தெரிந்து 30 நாளுக்குள் திருத்தினால் உரிமை தானே திரும்பி வந்துவிடும். பதிப்புரிமை வகுப்பின் பாடத்திலேயே இப்படி நடந்தது என்று வெளியே சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

கெட்டி அட்டையில் அச்சடித்த மூன்று சீட்டுக்கட்டுகளில் ஒன்றைத் தேவகோட்டை நண்பர் வாங்கிப்போய் ஏழு மாதம் ஆகிறது. கேட்டால், "திறந்த உரிமம்தானே அண்ணே" என்கிறார். உரிமம் காப்பி எடுக்கத்தான் தம்பி, என் அட்டையைத் திருப்பிக் கொடு.