நான்கே பாட்டு: பாடிஸ்னாட்சர்ஸை நெடுநாள் கேட்டதில்

‘பாடிஸ்னாட்சர்ஸ் ஆல்பத்தில் எதை முதலில் கேட்கலாம்?’ பிரிட்டிஷ் ஸ்கா (ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசை) குழுக்களின் மேடை நிகழ்ச்சிகளைப் படமாக்கிய டான்ஸ் கிரேஸ் 2023-ல் பழுது நீக்கப்பட்டு மறுபடி வந்த பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. படம் பார்த்தவர்கள், மேடையில் நின்ற பாடிஸ்னாட்சர்ஸ் என்ற அந்த ஏழு பெண்களின் ஆல்பத்தைத் தேடுகிறார்கள். ஆல்பமே கிடையாது. இரண்டு சிங்கிள், அவற்றின் இரண்டு பக்கமுமாக நான்கு பாட்டு, கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். எத்தனை வருடம் கேட்டாலும் ஆறாத குறை இது. பாட்டு நன்றாக இல்லாதிருந்தால் இந்தக் கோபமே வந்திருக்காது.

முதல் சிங்கிளை 1980 மார்ச்சில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த டூ டோன் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. ஏ பக்கம் ‘லெட்ஸ் டூ ராக் ஸ்டெடி’, டான்டி லிவிங்ஸ்டன் 1967-ல் பாடியது. ராக்ஸ்டெடி என்பதே ஸ்காவின் ஓட்டத்தைத் தளர்த்தி, பேஸ் கிட்டாருக்கு மூச்சுவிட இடம் கொடுத்த ஜமைக்கா நடை. இவர்கள் அதைத் திரும்பவும் விரட்டியிருக்கிறார்கள். ராக்ஸ்டெடி ஆடலாம் வா என்று பாட்டு அழைக்கிறது, கால் ஆடுவதோ ஸ்கா. இந்த இழுபறியில்தான் பாட்டு நிற்கிறது.

கிட்டாரின் வெட்டு தட்டு விழும் இடத்தில் வருவதில்லை, அரை இடம் தள்ளி விழுகிறது. கர்நாடக இசையின் அரை இடம் எடுப்பில் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் பாட்டு முழுக்க ஒவ்வொரு அடியிலும் அதே அரை இடத்தில் விழ வேண்டும், ட்ரம்ஸோடு மயிரிழை விலகினாலும் ஓட்டம் நொண்டும். ஸ்டெல்லா பார்க்கரின் ரிதம் கிட்டாரும் பென்னி லேட்டனின் கீபோர்டும் சில இடங்களில் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. நிக்கி சம்மர்ஸின் பேஸ் பிடித்து நிறுத்துகிறது. ரோடா டகார் இதற்கெல்லாம் பதறாமல், லண்டன் தெருப் பேச்சின் சாயலிலேயே பாடிக்கொண்டு போகிறார். மிராண்டா ஜாய்ஸின் சாக்சபோன் அலங்காரம் எதுவும் செய்யாமல் மெட்டை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. குழு முதன்முதலாக மேடையேறியது 1979 நவம்பரில் என்பதை நினைத்தால், நான்கு மாதத்தில் இந்த அளவு சேர்ந்து வாசித்தது பெரிய விஷயம். ஒலிப்பதிவில் மெருகு குறைவு என்பார்கள். அது குறையே இல்லை, அந்தப் பச்சைத்தன்மைக்காகத்தான் அலுக்காமல் கேட்க முடிகிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்டு முடிவுக்கு வராதீர்கள். பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. பேஸ் போய்விட்டால் மிஞ்சுவது கிட்டாரின் கீச்சும் ஆர்கனும்தான், கூச்சலாகத்தான் தோன்றும். நல்ல ஹெட்போனில் கேட்கும்போதும் ஈக்வலைசரில் 80 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் ஏற்றி, 3 கிலோஹெர்ட்ஸில் 2 இறக்கிப் பாருங்கள். நிக்கி சம்மர்ஸ் முன்னால் வந்து நிற்பார்.

நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் அந்தப் பழைய தட்டே வேண்டும் என்பவர்கள் நடு ஓட்டையை முதலில் பார்க்க வேண்டும். ஜூக்பாக்ஸுக்காகப் பெரிதாக வெட்டிய பிரதி என்றால் அடாப்டர் தேவை. அந்த வெட்டு நடுவிலிருந்து சற்றே விலகியிருந்தாலும் தட்டு சுற்றும்போது சுருதி அலையும், நீண்டு ஒலிக்கும் ஆர்கன் சுரத்தில் உடனே தெரிந்துவிடும். வேறு பிரதி தேடுவதே நல்லது. அடுத்தது தேய்மானம். இவை விருந்துகளில் ஓடிய தட்டுகள். அன்றைய மலிவு ப்ளேயர்களின் ஊசி 5 கிராம் வரை அழுத்தும், இன்றைய ஊசிக்கு 2 கிராம் போதும். பக்கத்தின் கடைசி அரை நிமிடத்தைப் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். உள்வட்டத்தில் ‘ஸ்’ ஓசை கரகரத்தால் தட்டு தேய்ந்தது. கூம்பு ஊசியில் கரகரப்பது நீள்வட்ட ஊசியில் சில சமயம் தெளியும், தேயாத சுவரை அது தொடுவதால். கழுவுவதானால் காய்ச்சி வடித்த நீர் போதும், லேபிள் நனையக் கூடாது.

திரும்ப அந்தக் குறைக்கே வருகிறேன். அதே டூ டோனின் தி ஸ்பெஷல்ஸ் குழுவுக்கு 1979 அக்டோபரில் ஆல்பம் வந்துவிட்டது, தி செலக்டருக்கு 1980 பிப்ரவரியில். பாடிஸ்னாட்சர்ஸோ அந்த வருடம் இந்த இரண்டு குழுக்களுக்கும் முன்னால் மேடையேறி ஊர் ஊராகப் போனார்கள். முதல் சிங்கிள் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 22-ஆம் இடம் வரை ஏறியது. உட்கார்ந்து பாட்டு எழுத நேரம் இல்லை, ட்ரம்ஸில் ஜேன் சம்மர்ஸ் போய் ஜூடி பார்சன்ஸ் வந்தார், அக்டோபர் முடிவில் குழுவே கலைந்தது. நியாயமாகச் சொன்னால் டூ டோனைக் குறைசொல்ல முடியாது. புதுக் குழுவுக்கு சிங்கிள் போட்டுக் கொடுத்து, கட்டிப்போடாமல் விடுவதுதான் அதன் வழக்கம். பலருக்கு அது நன்மையாகவே முடிந்தது. இருந்தும் மனம் ஒப்பவில்லை. பாட்டு இருந்தது. 1980 ஏப்ரலில் ஜான் பீலின் வானொலி நிகழ்ச்சிக்காகப் பதிந்த நான்கும் இந்த இரண்டு சிங்கிள்களிலும் இல்லாதவை. கலைந்த பிறகு ஐந்து பேர் பெல் ஸ்டார்ஸ் ஆனார்கள். அவர்களின் முதல் சிங்கிள் ‘ஹயவாதா’ பாடிஸ்னாட்சர்ஸ் காலத்துப் பாட்டு. பீல் பதிவில் இருந்த ‘தி பாய்லர்’, ரோடா ஸ்பெஷல் ஏகேஏவோடு (ஸ்பெஷல்ஸின் பிந்தைய வடிவம்) பாடி 1982-ல் தனியே வந்தது. வல்லுறவைச் சொல்லி அலறலில் முடியும் பாட்டு அது, மறுபடி கேட்க மனத்திடம் வேண்டும். இத்தனையும் கையில் இருந்த குழுவுக்கு ஒரு வாரம் ஸ்டூடியோ கிடைத்திருந்தால் போதுமே!

ரோடா 2015-ல் பாடிஸ்னாட்சர்ஸ் பாட்டுகளைத் திரும்பப் பாடி ஆல்பமாக்கினார். வாசித்தது ஸ்பெஷல்ஸின் ஹோரஸ் பேன்ட்டர், லின்வல் கோல்டிங் போன்ற தேர்ந்த கைகள். தாளம் இம்மி பிசகவில்லை, பேஸ் நிறைந்து ஒலிக்கிறது, ரோடாவின் குரலும் கனிந்திருக்கிறது. விட்டுப்போன ஆல்பம் எப்படி இருந்திருக்கும் என்று அறிய இதைவிட நல்ல வழி இல்லை. ஆனாலும் ஒருமுறை கேட்டு முடித்ததும் கை பழைய தட்டுக்கே போகிறது. பிசகக்கூடும் என்ற பதற்றம் இங்கே இல்லை. அந்தப் பதற்றம் இல்லாவிட்டால் இவர்கள் இவர்களாக இல்லை.

இரண்டாம் சிங்கிள் 1980 ஜூலையில் வந்தது. பி பக்கம் பாப் ஆண்டி எழுதிய ‘டூ எக்ஸ்பீரியன்ஸ்ட்’, சுமார்தான். ஏ பக்கம் ‘ஈஸி லைஃப்’, சொந்தப் பாட்டு. வீட்டோடு இருந்துவிடும் சுலபத்துக்கும் வெளியே போய் முட்டி மோதுவதற்கும் இடையே ஒரு பெண் நிற்கிற இடத்தை, ஆட வைத்துக்கொண்டே சொல்கிறது. நாலு மாத இடைவெளியில் கிட்டாரும் கீபோர்டும் ஒன்றையொன்று கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் இந்தச் சிங்கிள் 50-ஆம் இடத்தோடு நின்றது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றுதான் தருவேன், நான்கு பாட்டுக்கு மேல் இல்லாத குழுவுக்கு அதற்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. ஒரே ஒரு தட்டுத்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் 22-ஆம் இடம் போனதை விட்டுவிடுங்கள். 50-ல் நின்றதை வாங்குங்கள்.