பழைய கஞ்சா வழக்கும் அமெரிக்க எல்லையும்: ரொறன்ரோச் சட்டத்தரணி ஒருவரின் சேவை

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமாகிவிட்டதால், அதற்கு முந்தைய விடயங்களை இனி எவரும் கிளறமாட்டார்கள் என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மாணவப் பருவத்தில் சிறிதளவு கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பின்னர் இங்கே குற்றப்பதிவு இடைநிறுத்தமும் (பழைய தண்டனைப் பதிவைத் தனியே ஒதுக்கிவைக்கும் கனடிய ஏற்பாடு) பெற்றுவிட்ட என் தம்பி, ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில், விமானம் ஏறுமுன்பே அமெரிக்க அதிகாரிகள் பயணிகளைச் சோதிக்கும் முன்சோதனைப் பிரிவில் திருப்பி அனுப்பப்பட்டான். கனடா வழங்கும் அந்த இடைநிறுத்தத்தை அமெரிக்கா ஏற்பதில்லை என்பதை அன்றுதான் குடும்பமே அறிந்தது. அதன்பின் நாடிய சட்டத்தரணியின் சேவையைப் பற்றியதே இம்மதிப்புரை.

முதல் ஆலோசனையே கொடுத்த பணத்துக்குத் தகும். தண்டனையே இல்லாவிட்டாலும், போதைப்பொருள் சட்டத்தை மீறியதாக எல்லை அதிகாரியிடம் ஒருவர் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டால், அதுவே வாழ்நாள் முழுதும் நுழைவுத் தகுதியை இழக்கப் போதுமானது என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். அத்தகைய ஒப்புதல் செல்லுபடியாக வேண்டுமானால் குற்றத்தின் வரையறையை அதிகாரி முதலில் எளிய சொற்களில் விளக்கியிருக்க வேண்டும் என்று 1957ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று கூறுவதையும் சுட்டிக்காட்டினார். ஆயினும் பொய் சொல்வதை அவர் கண்டிப்பாகத் தடுத்தார். பொய்யுரைத்தால் அதுவே தனியொரு நிரந்தரத் தடையாகிவிடும். பதில் கூற மறுத்தால் அன்றைய பயணம் கெடலாம்; ஆனால் அந்த மறுப்பு ஒப்புதலாகிவிடாது. வழக்கு எதுவும் இல்லாத, பழைய பழக்கத்தை எண்ணி மட்டும் அஞ்சுகிற ஒருவருக்கு இந்த ஓர் ஆலோசனையே போதும் என்பது என் கருத்து.

தம்பிக்கோ, நுழைவுத் தகுதி இழந்தவர் தற்காலிகமாக அமெரிக்காவுக்குள் செல்ல அனுமதி கேட்கும் ஐ-192 என்னும் விலக்கு விண்ணப்பம் தேவைப்பட்டது. அதை ஆராயும் அதிகாரிகள், சமூகத்துக்கு நேரக்கூடிய தீங்கு, பழைய குற்றத்தின் கடுமை, பயணத்தின் காரணம் ஆகிய மூன்றையும் எடைபோடுவார்கள். தம்பி எழுதிவந்த வாக்குமூலத்தில் 'நண்பர்கள் வற்புறுத்தியதால்' என்றிருந்த வரியைச் சட்டத்தரணி எங்கள் கண்முன்னே சிவப்பு மையால் அடித்துவிட்டு, பழியைப் பிறர்மேல் போடுவதாகத் தோன்றினால் மனந்திருந்தியவர் என்று எவர் நம்புவார் எனக் கேட்டார். அவ்விடத்தில் எழுந்த புதிய பத்தி, தம்பியின் வேலை, பிள்ளைகள், நியூ ஜேர்சியிலுள்ள எங்கள் சித்தியின் உடல்நிலை ஆகியவற்றை ஆதாரங்களோடு சொன்னது. இவ்வளவு அக்கறையோடு ஒரு பத்தியைத் திருத்துபவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. அரசுக் கட்டணம், ஆர்.சி.எம்.பி. (கனடியக் கூட்டரசுக் காவல்துறை) வழங்கும் குற்றப்பதிவுச் சான்றிதழுக்கான கைவிரல் அடையாளப் பதிவு, நீதிமன்ற ஆவணப் பிரதிகள் ஆகிய எவையும் அவர் சொன்ன தொகையில் அடங்கவில்லை. இதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் தந்திருக்க வேண்டும். விண்ணப்பம் அனுப்பியபின் நீண்ட மாதங்கள் காத்திருக்கையில், உதவியாளரிடமிருந்து பதில் பெறுவதும் எளிதாக இருக்கவில்லை.

விலக்கு ஐந்து ஆண்டுகளுக்குக் கிடைத்தது. அது முடிவதற்குள் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் இவரிடமே செல்வோம். புதிதாகச் செல்வோர், வழக்கு நடந்த நீதிமன்றத்தில் பழைய ஆவணங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பெற்றுக்கொண்டு சந்திப்புக்குச் செல்வது நல்லது. எங்களுக்கு அதிகத் தாமதம் அங்கேதான் ஏற்பட்டது.